பத்தில் ஒரு பங்கு ஆர்டர்

கொள்முதல் பிரிவில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. மூன்று கொட்டேஷனை உள்ளே போட்டால் எது குறைவு, எது அதிகம் என்று கம்ப்யூட்டரே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. முதலில் நிற்பவருக்கு ஆர்டர், மற்ற இருவருக்கும் நன்றி, அப்புறம் கேன்டீனில் டீ. அந்த மற்ற இருவர் என்ன ஆனார்கள் என்று உங்களில் யாராவது விசாரித்ததுண்டா? இருக்காது. அதை உங்களுக்கு யாரும் வேலை என்று சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் கொள்முதல்காரருடைய வேலையில் பாதி அதுதான். ஜெயித்தவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய ஆர்டர் இருக்கிறது. தோற்றவரை யார் பார்த்துக்கொள்வது?

பொதுவாகப் பேசினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கும் வரும். அதனால் தவமணியைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது எங்கள் கம்பெனி திருப்பரங்குன்றம் போகிற சாலையில் இருந்தது. கறுப்பு வெள்ளை டி.வி. செய்தோம். கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பு வருவதற்கு முன்பே மதுரைக்காரர்கள் மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனாக் குழாயை நட்டு இலங்கை ஒளிபரப்பைப் பிடித்துப் பார்த்தவர்கள். பாதி நேரம் படம் தெரியும், பாதி நேரம் வெறும் புள்ளி தெரியும். அந்தப் புள்ளிகளையும் கண் கொட்டாமல் பார்த்த ஊர் இது. மலையில் ஒளிபரப்பு வந்ததும் கேட்கவே வேண்டாம், நாங்கள் செய்த செட் எங்கள் வாசலைத் தாண்டும் முன்பே விலை போனது.

நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதால் எனக்கு இங்கிலீஷ் கடிதம் தப்பில்லாமல் எழுத வரும். சாமான் கேட்டு எழுதும் கடிதங்களை நானே எழுத ஆரம்பித்து, பதில்களை நானே படித்து, விலையை நானே பேசி, ஒரு கட்டத்தில் எனக்கு மேலே இருந்தவர் வேறு வேலைக்குப் போனபோது அந்த நாற்காலியில் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். சாமான் விற்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள், ஆபீசர் எங்கே என்று. நானும் கொஞ்ச நேரம் தேட விட்டுவிட்டு, பிறகுதான் உட்காரச் சொல்வேன்.

டி.வி.க்குள் எத்தனையோ சாமான் உண்டு. என் நிம்மதியைக் கெடுத்தது ஒன்றே ஒன்றுதான். படக்குழாய்க்கு உயர் அழுத்த மின்சாரம் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர். எங்கள் தொழிலில் அதற்கு ஈ.எச்.டி. என்று பேர். உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அது கெட்டால் படம் போய்விடும், அதுவும் சத்தமில்லாமல் போகாது, ஒரு கருகல் நாற்றத்தைக் கிளப்பி வீட்டில் இருப்பவர்களைத் தெருவுக்கு ஓட வைத்துவிட்டுத்தான் போகும்.

அதை எங்களுக்கு இரண்டு பேர் செய்து கொடுத்தார்கள். ஒன்று மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனி. அவர்களுடைய ஆள் சீனிவாசன், ரயிலில் ஏறும்போது போட்ட இஸ்திரி மதுரையில் இறங்கும்போதும் கலையாத மனிதர். இன்னொருவர் தவமணி. எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ. படித்து, காளவாசலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து, கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கம்பி சுற்ற ஆரம்பித்தவர். அவர் மனைவி ராசாத்தியும் அக்கம் பக்கத்துப் பெண்கள் சிலரும்தான் அங்கே வேலையாட்கள். தவமணி என்னைவிட வயதில் சிறியவர். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டார், நானும் மறுக்கவில்லை.

மெட்ராஸ்காரர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, தவமணிக்கு ஒரு பங்கு. இதுதான் நான் வைத்திருந்த கணக்கு. சீனிவாசன் செவ்வாய்க்கிழமை வருவார், தவமணி வெள்ளிக்கிழமை வருவார், இருவரும் என் அறை வாசலில் முட்டிக்கொள்ள விடமாட்டேன். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொன்னதே கிடையாது. 'அவர் குறைத்துத் தருகிறார்' என்பேன், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். ஒருவருடைய சாமானைப் பிரித்துப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் விடமாட்டேன். எங்கள் இன்ஜினியர்களுக்கு அதில் என் மேல் கோபம் உண்டு.

எம்.டி.க்கும் இந்தக் கணக்கு பிடிக்காது. "முழுசையும் மெட்ராஸ்காரனுக்கே குடுத்தா விலைய எறக்குவான்ல? எதுக்கும்மா இந்த ரெட்டை மாட்டு வண்டி?" என்பார்.

"ஒரு மாடு படுத்துருச்சுன்னா வண்டிய நீங்க இழுப்பீங்களா சார்?" என்பேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

மாடு படுக்கவும் செய்தது. ஒரு மழைக்காலத்தில் மெட்ராஸ் சாமான் வரிசையாகக் கருகியது. தவமணியும் ராசாத்தியும் கொட்டகையிலேயே பாயைப் போட்டுப் படுத்து எங்கள் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சித்திரையில் வெயிலுக்குத் தவமணியின் சாமானில் கம்பி மேல் பூசிய மெழுகு இளகியது. சீனிவாசன் அட்டைப் பெட்டிகளைத் தன் படுக்கைக்கு அடியிலும் மேலுமாக அடுக்கி ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். அன்று மட்டும் அவருடைய சட்டை கசங்கியிருந்தது.

நீங்கள் பருத்திக்கொட்டை வாங்குகிறவர்களாக இருந்தால் இந்தப் பாடு தேவையில்லை. இன்று ஒருவரிடம் வாங்காவிட்டால் நாளை அவரிடமே போகலாம், பருத்திக்கொட்டை எங்கும் ஓடிவிடாது. நம் சாமான் அப்படி இல்லை. இரண்டு வருடம் கழித்து எந்தச் சாமான் வேண்டியிருக்கும் என்று இன்று நமக்கே தெரியாது. அது தெரியவரும் நாளில் செய்து கொடுக்க ஒருவருக்கு மேல் தொழிலில் மிச்சமிருக்க வேண்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் விலையை அவர் சொல்வார், நாம் தலையாட்டலாம். தோற்றவரைக் காப்பாற்றுவது தர்மம் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். அது நம் சோற்றுக்கு நாம் பார்க்கிற பாதுகாப்பு.

ஆனால் தவமணி விஷயத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆர்டர் என்பது வெறும் வியாபாரம் இல்லை, அது சம்பந்தம் செய்துகொள்வது மாதிரி. ஒரு நாள் கோயம்புத்தூர் டி.வி. கம்பெனியின் கொள்முதல் ஆபீசர் எனக்குப் போன் செய்தார். சந்தையில் அவர்கள் எங்களுக்குப் போட்டிக்காரர்கள். ஆனாலும் சாமான் வாங்குகிற நாங்கள் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். மனிதர் குழம்பிப் போயிருந்தார்.

"உங்க தவமணி என்னங்க இப்படிப் பண்ணறாரு? ஆர்டர் குடுக்கலாம்னு தேடிப் போனேனுங்க. எலை போட்டுச் சோறெல்லாம் போட்டாரு. கடைசியில தேங்காய் பழம் வெத்தலபாக்கெல்லாம் தட்டுல வச்சுக் குடுத்து, ஆர்டர் வேண்டாம்னு அனுப்பிட்டாருங்க."

வெள்ளிக்கிழமை தவமணி வந்ததும் கேட்டேன். திருப்பரங்குன்றத்தில் பூசை வைத்துக் கொண்டுவந்த விபூதியை என் மேஜையில் வைத்தார். நான் வேதக்காரி, ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரிந்தும் மாதம் தவறாமல் கொண்டுவருவார். நானும் தவறாமல் வாங்கி வாட்ச்மேனிடம் கொடுப்பேன்.

"ஆமாக்கா, வந்தாக. நல்ல மனுசந்தேன். ஆனா ஒரு வீட்டோட பேசி முடிச்சுட்டு இன்னொரு வீட்டுக்குப் பொண்ணக் காட்டுறதா? அதுவும் நம்ம கம்பெனிக்கு எதிராளிக்கா?"

"தவமணி, நீங்க சுத்துறது கம்பி. பொண்ணு இல்ல. ஒரே எடத்த நம்பி யாராவது தொழில் பண்ணுவாகளா? நாளைக்கு எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்!

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். நமக்கென்று ஒருவர் இவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? ஆனால் அந்த இளக்கம் ஆபத்தானது. நம்மை மட்டும் நம்பியிருப்பவர் நம்மிடம் பேரம் பேச மாட்டார். நாமும் அவரை ஒரு நாளும் நிறுத்த முடியாது. மற்ற கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று அவருக்கும் தெரியாது, அவர் வழியாக நமக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் எம்.டி. என்னையும் தலைமை இன்ஜினியரையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கறுப்பு வெள்ளையை நிறுத்தப் போகிறோம், கலருக்கு மாறுகிறோம் என்றார். கலருக்கான சர்க்யூட் பலகை, டிரான்ஸ்பார்மர் எல்லாம் வெளிநாட்டிலிருந்து ஒரே செட்டாக வந்து இறங்கும். இங்கே யாரிடமும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. உள்நாட்டிலேயே செய்து வாங்குவதெல்லாம் பின்னால், எப்போது என்று தெரியாது.

"இந்த ரூமைத் தாண்டி ஒரு வார்த்தை போகக்கூடாது" என்றார். "கடைக்காரங்ககிட்ட நம்ம செட்டு அம்புட்டு கெடக்கு. நிறுத்தப்போறோம்னு தெரிஞ்சா எல்லாத்தையும் திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் கலரும் கெடையாது, சம்பளமும் கெடையாது."

அவர் சொன்னது நியாயம். உள்ளே பலகையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் அத்தனை பேருடைய வேலையும் அந்த ரகசியத்தில் இருந்தது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வரும்போதே என் நினைப்பெல்லாம் தவமணி மேல்தான் இருந்தது. மெட்ராஸ்காரர்களுக்கு இந்தியா முழுக்க வாடிக்கை உண்டு, ஒரு நாள் வருத்தப்பட்டு மறந்துவிடுவார்கள். தவமணிக்கு நாங்கள் மட்டும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வழக்கத்தைவிடச் சந்தோஷமாக வந்தார். ராசாத்தியும் கூட வந்திருந்தார்.

"அக்கா, ஒரு நல்ல விசயம். கம்பி சுத்துற மிசினு ஒண்ணு வருது. இப்பச் சுத்துறத விட ரெட்டிப்பாச் சுத்தும். கொட்டகைய எடுத்துட்டு செங்கல்லு வச்சுக் கட்டிறலாம்னு இருக்கோம். எழுமலையில கெணத்தோட இருக்குற எடத்த அடமானம் வைக்க எங்கய்யாவும் ஒத்துக்கிட்டாரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வம்னு வந்தோம். ரெண்டு வருசத்துக்கு நம்ம ஆர்டர் இருக்கும்ல?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ராசாத்தியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய கம்பி அறுத்து அறுத்து விரல் நுனியெல்லாம் கோடு கோடாக இருந்தது. இருக்கும் என்று சொன்னால் அந்தக் குடும்பத்தின் நிலம் போய்விடும். இருக்காது என்று சொன்னால் ரகசியம் போய்விடும். நான் சொல்லாமல் மழுப்பினாலும் அவர் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் அவருக்கு என் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பொய் சொல்லவும் கூடாது, உண்மையைச் சொல்லவும் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாது. என்ன செய்வீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

"திங்கக்கெழமை பதில் சொல்றேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். ரகசியம் கம்பெனியுடையது, அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு ஆர்டர் என்பது என் கையில் இருந்தது. அதை வைத்துச் செய்யக்கூடியதைத்தான் செய்ய முடியும் என்று முடிவுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சீனிவாசனுக்கு டிரங்க் கால் போட்டு, முழு ஆர்டரும் தந்தால் என்ன விலை என்று கேட்டேன். எத்தனையோ மாதமாக அவர் காத்திருந்த கேள்வி. நல்ல விலை சொன்னார். அதை எம்.டி.யிடம் கொண்டுபோனேன். "இதத்தானம்மா நான் அன்னையிலிருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார். கடைசி மாதங்களில் சாமான் மலிவாகக் கிடைத்தால் கம்பெனிக்கும் லாபம்தான். கம்பெனிக்கு விரோதமாக நான் எதையும் செய்யவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். பத்தில் ஒரு பங்கு தவமணிக்கு இருக்கட்டும், மெட்ராஸ் சாமான் தாமதமானால் கைகொடுக்க ஆள் வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

மத்தியானம் தவமணி வந்தார். தனியாகத்தான் வந்தார்.

"இந்த மாசத்துலேருந்து உங்களுக்குப் பத்துல ஒரு பங்குதான். மத்ததெல்லாம் மெட்ராஸுக்குப் போகுது" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"என்னக்கா, சாமான் எதுவும் கருகிருச்சா?"

"இல்ல. உங்க சாமான்ல கொறை ஒண்ணும் இல்ல."

"வெலையாக்கா? கொறைச்சுக்கிருவோம்க்கா. நீங்க சொல்றதுதேன் வெலை."

"வெலையும் இல்ல. காரணம் கேக்காதீங்க. ரெண்டு வருசத்துக்கு ஆர்டர் இருக்கும்ங்கிற வார்த்தைய நான் தரமாட்டேன். எங்க ஆர்டர நம்பி எதையும் செய்யாதீங்க. வேற எடம் பாருங்க தவமணி."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, அதுவரை என்னிடம் பேசாத ஒரு குரலில் கேட்டார்: "மெட்ராஸ்காரன் எம்புட்டுக் குடுத்தான்?"

என் அறைக்கு வெளியே இருந்த டைப்பிஸ்ட் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் என் வேலையில் ஒரு டீக்குக்கூட யாரிடமும் கடன்பட்டதில்லை. அந்தக் கேள்வி என்னை எப்படிச் சுட்டது என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் அடுத்த வார்த்தையாக உண்மை வந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அவர்கள் எங்களுக்கு எதிராளிதான். எங்கள் விலையையோ மாடலையோ அவர்களிடம் சொன்னால் அது துரோகம். ஆனால் ஒருவர் நல்ல வேலைக்காரர் என்பது எந்தக் கம்பெனியின் ரகசியமும் இல்லை. "தவமணிய இன்னொரு தடவை போய்ப் பாருங்க. இந்தத் தடவை வெறும் சோறு மட்டும் போட்டு அனுப்ப மாட்டாரு" என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. நல்ல கொள்முதல்காரர்.

அதற்குப் பிறகு தவமணி என் அறைக்கு வரவே இல்லை. பத்தில் ஒரு பங்கு சாமானை ஸ்டோரில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். விபூதியும் நின்றது. அவருடைய மகளுக்கு எழுமலையில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டார், இன்ஜினியர்களைக் கூப்பிட்டார், ஈயம் வைக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டார், வாட்ச்மேனைக்கூட வீட்டுக்குப் போய் வெற்றிலைபாக்கு வைத்துக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு ஆபீசே காலியாகிக் கிடந்தது. நான் மட்டும் உட்கார்ந்து, முடித்த வேலையையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை என்று சொன்னால் பொய்.

சாயங்காலம் வாட்ச்மேன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். திறந்தால் கிடாக்கறிக் குழம்பு.

"ராசாத்தி குடுத்துவிட்டுச்சும்மா. அக்காட்ட குடுத்துருங்க, அவருக்குத் தெரிய வேணாம்னுச்சு" என்றார்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"ஈரல் தனியா எடுத்து வச்சிருக்காம். அதச் சொல்லச் சொல்லுச்சு."

நான் அந்தச் சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதெல்லாம் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்ற யோசனைதான். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த சில மாதங்களில் கடைகளில் கிடந்த செட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. எம்.டி. எல்லாரையும் கூட்டி அறிவித்தார். கறுப்பு வெள்ளை நின்றது. பெண் பிள்ளைகளைக் கலர் பிரிவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், ஒருவர் வேலையும் போகவில்லை. சீனிவாசன் போனில் கொஞ்சம் புலம்பிவிட்டு, "சரி மேடம், கலர்ல பாத்துக்கலாம்" என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் தவமணி வந்தார். என் அறைக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"அக்கா, உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக்கூடாதுப்பா."

தலையைக் குனிந்துகொண்டார். கோயம்புத்தூர்காரர் வந்ததையும், அங்கே இவருடைய சாமான் பிடித்துப்போய் அவர்கள் சொல்லி இன்னும் ஓரிடத்தில் ஆர்டர் வந்ததையும், அடமானப் பேச்சை அன்றே விட்டுவிட்டதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, "நான் கேக்கக்கூடாதத கேட்டுப்புட்டேன்க்கா. ராசாத்தி அன்னைக்கே திட்டுனா. கை நீட்டி வாங்கியிருந்தாகன்னா நம்மள ஒரேயடியா நிறுத்திருப்பாக, பத்துல ஒண்ணு ஏன் மிச்சம் வச்சாகன்டு யோசிச்சுப் பாருய்யான்னா. எனக்குத்தேன் ஏறல" என்றார். நான் டீக்குச் சொல்லி அனுப்பினேன். இருவருமாக டீ குடித்தோம்.

அந்தப் பெண்ணைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. எம்.டி.யிடம் நான் சொன்ன காரணம் ஒன்று, மெட்ராஸ் சாமானுக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும் என்பது. அதுவும் உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த காரணத்தை, தவமணி தொழிலில் மிச்சமிருக்க வேண்டும் என்பதை, ராசாத்தி ஒருத்திதான் படித்தாள்.

கலருக்கு வெளிநாட்டுச் சாமான் வந்துகொண்டிருந்தவரை எனக்குக் கொள்முதலில் பெரிய வேலை இல்லை, அவர்கள் சொன்ன விலை, அவர்கள் சொன்ன நாள். போட்டி இல்லாத இடத்தில் கொள்முதல்காரருக்கு மரியாதை கிடையாது என்பதை அப்போது நன்றாகவே பார்த்தேன். பிறகு ஒரு வழியாக உள்நாட்டிலேயே செய்து வாங்கலாம் என்று முடிவானது. கலர் ஈ.எச்.டி.க்கு விலை கேட்டு எழுதினேன். மெட்ராஸிலிருந்து சீனிவாசன் வந்தார், முன்புறம் வழுக்கை விழுந்திருந்தது, இஸ்திரி அப்படியே இருந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளிக்கிழமை தவமணி வந்தார்.

அவர் கொண்டுவந்த சாமானை எங்கள் இன்ஜினியர்கள் இரண்டு வாரம் போட்டு வதைத்தார்கள். கருகவில்லை, இளகவில்லை, முனகக்கூட இல்லை. சாமானில் மற்ற இருவருக்கும் அவர் ஒரு படி மேலே என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை அவரிடம் சொல்வேனா? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வெலை ஜாஸ்தியா இருக்கே தவமணி. மெட்ராஸ்ல கொறைச்சுத் தாராங்க."

அது பொய்யில்லை, சீனிவாசன் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். தவமணி என்னைப் பார்த்தார். பதறவில்லை. நீங்கள் சொல்வதுதான் விலை என்று சொல்லவில்லை.

"அப்ப அவுககிட்டயே வாங்கிக்கங்கக்கா" என்றார். "இதுக்குக் கீழ நம்மளால முடியாது. கோயம்புத்தூர்ல இருந்து அடுத்த மாசத்துக்கும் சேத்து ஆர்டர் குடுத்துருக்காக. அவுகளுக்கும் இதே வெலைதேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் எத்தனையோ பேரத்தில் ஜெயித்திருக்கிறேன். எதுவும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. ஒரு மனிதர் என் முன்னால் முதுகு நிமிர்ந்து, நீ இல்லாவிட்டாலும் எனக்குப் பிழைப்பு உண்டு என்று சொல்கிறார், அதுவும் என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதைக் காட்டிவிட்டால் அப்புறம் என்ன கொள்முதல் ஆபீசர்? கொஞ்சம் இருமி, ஒரு மடக்கு தண்ணீர் குடித்து, "உக்காருங்க, உக்காருங்க. பாதி உங்களுக்கு, மீதிய மத்த ரெண்டு பேருக்கும் பிரிச்சுக்கிறேன். வெலை நீங்க சொன்னதுதான்" என்றேன்.

"பாதி போதும்க்கா. அதுக்கு மேல இப்ப முடியாது" என்று அதையும் அவரே சொல்லிவிட்டு வாசல் வரை போனவர், திரும்பி நின்றார்.

"ஞாயித்துக்கெழமை செங்கக்கட்டடத்துல பால் காய்ச்சுறோம். ராசாத்தி உங்களக் கையோட கூட்டியாரச் சொல்லிருக்கா. நாந்தேன் வந்து கூப்புடுவேன், ரெடியா இருங்க. ஆனா அங்கன வந்து வெலைப் பேச்ச எடுத்தீகன்னா சோறு கெடையாது, சொல்லிப்புட்டேன்."